ஹெலனைத் திட்ட ஓர் ஆள்

போன சனிக்கிழமை காலை எங்கள் பள்ளியில் ஒரு பிரிவு உபசார விழா. மேடையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்கள் நம் நாட்டின்மேல் ஏன் இவ்வளவு பாசம் வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

நானும் குறை வைக்கவில்லை. நம் பண்பாடு என்றேன். விருந்தோம்பல் என்றேன். குருவைத் தெய்வமாக மதிக்கும் மண் என்றேன். பெங்களூரின் குளிர்காற்றைக்கூட ஏதோ நாமே தயாரித்ததுபோல் சேர்த்துக்கொண்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. நம்மை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று நாமே பேசி, நாமே கேட்டு, நாமே கைதட்டிக்கொள்வதைப் போல ஆனந்தம் வேறு உண்டா?

விழாவில் ஒரே ஒரு குறை. விடைபெற வேண்டியவர் வரவில்லை.

மேடையில் ஹெலனின் நாற்காலி காலியாக இருந்தது. சிவாஜிநகரில் விடிகாலையில் வாங்கிய ரோஜா மாலை தட்டில் வாடிக்கொண்டிருந்தது. இருநூறு பிள்ளைகள் பாட்டுப் பாடத் தயாராக நெளிந்துகொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள் என்று கையால் ஜாடை காட்டினார். நீட்டினேன். விருந்தோம்பலை மட்டும் இருபது நிமிடம் நீட்டினேன். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்ற நிலையில், "நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்க" என்று என்னை அனுப்பினார்.

ஆட்டோவில் ஏறினேன். ஹெலன் குடியிருக்கும் மர்பி டவுன் போய்ச் சேருவதற்குள் உங்களுக்கு ஹெலனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஹெலன் ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தார். அந்த இரண்டு வருடம் ஒன்பது வருடமாக முடியாமல் இருக்கிறது. வயது ஐம்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த புதிதில் இந்திரா நகரில் நல்ல ஃபிளாட் பார்த்துக் கொடுத்தோம். அது பிடிக்காமல், பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில், மர்பி டவுனில் ஒரு மாடி அறையைத் தானே பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கீழ்வீட்டில் தனம். ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. முன்னறையில் ஒரு புத்தர் படம், ஒரு டி.வி., கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஷோகேஸ். புத்தர் எவ்வளவு அமைதியோ, தனம் அவ்வளவுக்கு எதிர்.

தனத்துக்கு வேலை, ஹெலனைத் திட்டுவது.

"தல ஈரத்தோட எங்க கெளம்பிட்ட மிஸ்ஸு? சளி புடிச்சிகினா யாரு பாக்கறது? உங்க ஊர்லேர்ந்து பிளேன் புடிச்சி வருவாங்களா?"

"இன்னா கீரை இது? அழுகினத கட்டிக் குடுத்துகிறான், நீயும் பல்ல இளிச்சிகினு வாங்கினு வந்துகிற. நீயெல்லாம் பசங்களுக்கு இன்னாத்த சொல்லித் தரியோ!"

காலையில் நாஷ்டா சாப்பிடாவிட்டால் ஒரு திட்டு. பழைய செருப்பை மாற்றாவிட்டால் ஒரு திட்டு. ஸ்காட்லாந்து வெயிலென்று நினைத்துக்கொண்டு மார்ச் மாத மத்தியானத்தில் குடையில்லாமல் நடந்தால் தெருவுக்கே கேட்கும்படி ஒரு திட்டு.

ஹெலனின் தமிழ் முழுக்க இப்படித் திட்டு வாங்கிக் கற்றதுதான். அதனால் அவருக்குத் தமிழில் ஒருவருக்கு ஒழுங்காக நன்றி சொல்லத் தெரியாது. ஆனால் ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து போகும்போது, ஆட்டோக்காரரைப் பார்த்து, "இன்னாபா, மீட்டரு இன்னா அலங்காரத்துக்கு வெச்சிகிறியா?" என்று கேட்டார் பாருங்கள்... அந்த மனிதர் மீட்டரைப் போட்டதோடு நிற்காமல், இறங்கும்வரை கண்ணாடியில் ஹெலனைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு இதெல்லாம் சங்கடமாக இருக்கும். கடல் கடந்து வந்த ஒரு பெண்மணி. அவரைப் போய் இப்படியா பேசுவது? நாலு பேர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒருதடவை தனத்திடமே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "நீ உன் வேலையப் பாத்துகினு போம்மா" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நேர்மாறாக ஒரு ஜெர்மன்காரரையும் எனக்குத் தெரியும். சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரிக்கு வந்தவர். அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். எந்த விழாவென்றாலும் மேடையில் நடு நாற்காலி. மூன்றே மாதத்தில் பதினோரு சால்வை. நாலாவது மாதம் மூட்டையைக் கட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லோரும் என்னை வரவேற்றார்கள். யாரும் என்னோடு பேசவில்லை" என்றாராம். நன்றி கெட்ட மனுஷன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஹெலனுக்கு அவருடைய அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார். திரும்பி வந்துவிடு என்று எழுதியிருந்தார். ஹெலன் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "வீடு பெரிது. தோட்டம் இருக்கிறது. உனக்கென்று தனி அறை. யாரும் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்."

கடைசி வரியை மட்டும் ஹெலன் இரண்டு தடவை படித்தார். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது என்றேன் நான். மாமியார், இரண்டு பிள்ளைகள், வேலைக்காரி, போன் என்று காலையிலிருந்து தொந்தரவிலேயே வாழ்கிறவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

விசா முடியும் சமயமும் அதுதான். நீட்டிக்க வேண்டுமென்றால் விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் பள்ளி கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியதுதான். ஹெலன் ஒரு வாரம் யோசித்தார். கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அக்காவைத் தனியாக விட மனம் வரவில்லை.

தனத்திடம் அதைச் சொல்ல ஹெலனுக்குப் பயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். விழாவுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் அது. இன்றைக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகப்போகிறது என்று நானும் தயாராகத்தான் போனேன்.

ஹெலன் சொன்னார். தனம் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து முந்தானையால் துடைத்துப் போட்டார். ஒன்பது வருடமாக அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்தவர் ஹெலன். அன்றைக்குத் தனம் ஷோகேஸைத் திறந்து, பூப்போட்ட பீங்கான் கப்பையும் சாஸரையும் எடுத்துக் கழுவினார். அதில் டீயை ஊற்றி நீட்டினார்.

"எடுத்துக்குங்க மேடம்."

எவ்வளவு பண்பாடு என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஹெலனைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஏற்கெனவே வெள்ளை முகம், அதற்கு மேலும் வெளுக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த ஆறு நாளும் அதே மரியாதை. புதன்கிழமை ஹெலன் வேண்டுமென்றே ஈரத் தலையோடு தனத்தின் வாசலில் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறார். "பாத்துப் போங்க மேடம்" என்றாராம் தனம். அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் அதை என்னிடம் சொல்லும்போது ஹெலனின் கண்ணில் தண்ணீர்.

"மேடம்னு கூப்பிட்டா என்னை."

"அது மரியாதை, ஹெலன்!" என்றேன் நான். பதினெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று எனக்குத் தெரிய இன்னும் மூன்று நாள் ஆயிற்று.

சரி, மர்பி டவுன் வந்துவிட்டது.

தெருமுனையிலேயே கேட்டது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன். அக்கம்பக்கத்து வீட்டு வாசலிலெல்லாம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஹெலன். விழாவுக்கென்று நான் வாங்கிக் கொடுத்த மைசூர் சில்க் புடவையில், தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். எதிரில் தனம்.

"போவலியா? இன்னிக்கி வந்து போவலன்றியா? அப்ப இன்னாத்துக்கு ஒரு வாரமா என் உசுர வாங்கின? ரெண்டு நாளா சோறு எறங்கல எனுக்கு! டூட்டில ஒரு பேஷண்டுக்கு வேற மாத்திரய நீட்டிட்டேன், சிஸ்டரு புடிச்சிகினாங்க, இல்லன்னா என் வேலையே போயிருக்கும். உனுக்கு இன்னா வயசாவுது? அறிவு கீதா உனுக்கு? அக்கா கூப்ட்டா போயிடுவியா? அக்காவுக்கு முடியலன்னா போய் ரெண்டு மாசம் இருந்து பாத்துட்டு வா, யாரு வாணான்னது? ஒரேடியா போறேன்னு எவ சொல்லச் சொன்னது? அப்ப நாங்க யாரு? இந்த வாசல்ல ஒன்பது வருசமா கத்தினு கெடக்கறனே, நான் இன்னா ரோட்ல போறவளா?"

தனம் அழுதுகொண்டே திட்டினார். நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மரியாதையெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஹெலனின் குனிந்த முகத்தை நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"எங்கள் ஊரில், அம்மா போன பிறகு, என்னை யாரும் திட்டியதில்லை" என்று என் காதோரம் ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, பொறாமையாகவும் இருந்தது. என் வீட்டுக்கும் ஹெலன் ஒன்பது வருடமாக வருகிறார். வரும் நாளில் சாம்பாரில் காரத்தைக் குறைப்பேன். ஃபோர்க் எடுத்து வைப்பேன். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உள்ளறையில் இருக்கச் சொல்வேன். ஒருமுறை புது சோபாவில் பாயசத்தைக் கொட்டிவிட்டார். வயிறு எரிந்தது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டே ஏழு தடவை சொன்னேன். பாவம், அந்த ஏழு தடவையும் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஒன்பது வருடமாக அவரை வாசலிலேயே நிறுத்தி வரவேற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது ஹெலன் சமாசாரம் மட்டுமா என்ன? எந்த ஊரும் அதன் கோபுரத்துக்காகவோ, குளிர்காற்றுக்காகவோ ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. கீரை வாங்கத் தெரியாதா என்று கேட்க அங்கே ஒருவர் இருந்தால் போதும். அந்த ஊரை விட்டு நகர முடிவதில்லை.

அப்போதுதான் இருநூறு பிள்ளைகள் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். தலைமை ஆசிரியை, வாடிப்போன மாலை, நான் மூன்று வாரமாக அலைந்து செய்த ஏற்பாடு... எனக்கும் கோபம் வந்துவிட்டது. அதுவரை ஹெலனிடம் ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் பேசாதவள், முதன்முறையாகத் தமிழில் வெடித்தேன்.

"அறிவிருக்கா ஹெலன் உனக்கு? அங்க அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க! போகலைன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லத் தெரியாது? சின்னக் குழந்தையா நீ?"

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. இதோ, நானும் உள்ளே நுழைந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"த பாரும்மா. எங்க மிஸ்ஸ நாங்க திட்டுவோம், அடிப்போம். நடுவுல நீ யாரு?"

தெருவே அதை ஆமோதித்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "இன்னா டீச்சரு, படிச்சவங்க பேசற பேச்சா இது?" என்று வேறு கேட்டார். ஹெலன் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். பிறகு தனத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை முணுமுணுத்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஹெலனுக்கு விசா நிச்சயம் கிடைத்துவிடும்.

மர்பி டவுனுக்கு எனக்குக் கிடைப்பதுதான் சந்தேகம்!