வால்தம்ஸ்டோ கற்கோவிலும் வெளியே வராத கூடும்

அயர்லாந்திலிருந்து ரயில் பாதை போட வந்த கூலியாட்கள் தங்கள் கையாலேயே கட்டிய சின்னக் கற்கோவில் ஒன்று வால்தம்ஸ்டோவில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். அதன் வரலாற்றைக் கேட்டு எழுதலாம் என்று 1992 ஜூனில், அந்தோனியார் திருநாள் ஞாயிறன்று புறப்பட்டேன். ஸ்ட்ரெதமிலிருந்து பிரிக்ஸ்டனுக்கு பஸ், பிறகு விக்டோரியா லைனில் கடைசி நிறுத்தம். பிரிக்ஸ்டனில்தான் ரயில் கிளம்புகிறது என்பதால் உட்கார இடம் நிச்சயம். இறங்கிப் பத்து நிமிட நடை.

சாம்பல் நிறக் கரட்டுக் கல், மணிக்கூண்டு கிடையாது. கதவு, வீட்டுக் கதவைவிடக் கொஞ்சம்தான் அகலம். உள்ளே, திருநாள் கொண்டாட வந்திருந்த நம்மவர்களின், இலங்கைத் தமிழர்களின் இரைச்சல்.

மன்னார் பேசாலையைச் சேர்ந்த தச்சர் மரியான், அந்தோனியார் சுரூபத்தை வைத்து வீதியில் சுமந்துபோகும் கூட்டைச் செய்திருந்தார். ஊர் வழக்கப்படி கோவிலுக்குள்ளேயே வைத்து, துண்டுகளைப் பொருத்திப் பசை போட்டுப் பூட்டியாயிற்று. இப்போது அது கதவால் வெளியே போகவில்லை.

"அண்ணை, கதவை அளந்தனீங்களோ?" என்று கூட்டத்தில் ஒருவர் மரியானைக் கேட்டார்.

"ஓம், அளந்தனான்."

"எந்தக் கதவை?"

"பேசாலைக் கோயில் கதவை. ஞாபகத்திலை இருந்தது."

"அப்ப கதவையும் கொண்டுவந்திருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனைவியும் மகளும் மடு அகதி முகாமில் இருந்தார்கள். அவர்கள் லண்டன் வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துதான் கூட்டைச் செய்திருந்தார். கூட்டை அறுத்துச் சிறிதாக்கலாம் என்று ஒருவர் மரம் அறுக்கும் வாள் எடுத்துவரப் போனார்.

"அறுக்க விடமாட்டன்" என்றார் மரியான்.

கதவு ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். அவரும் ஐரிஷ்காரர். கோவில் கட்டிய காலத்தில் கத்தோலிக்கர் தெருவில் ஊர்வலம் போகச் சட்டம் இடம் தரவில்லை. வெளியே எடுத்துப்போக எதுவுமில்லாதவர்களுக்கு அகலக் கதவு எதற்கு என்றார். கட்டியவர்களில் பலர் குடும்பத்தை அயர்லாந்தில் விட்டுவந்தவர்களாம். அதை மரியானுக்குத் தமிழில் சொன்னேன்.

மரியான் கேட்டது ஒன்றுதான்: "அவையின்ரை பெண்சாதிமார் வந்து சேந்தவையோ?"

பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொன்னேன். சிலருடைய மனைவிமார் வந்தார்களாம்.

அவர் கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுரூபத்தை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு கதவால் சற்றுச் சரிந்து வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம். தெருமுனையில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"கூடில்லாமல் போனால் நேர்த்தி சேருமோ, தம்பி?"

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன்.

அக்டோபரில் மறுபடி போனேன். உட்காரும் வாங்குகளில் கடைசி வாங்குக்குப் பின்னால் கூடு அப்படியே நின்றது. "அவள் வந்து முழுசாப் பாக்கட்டும். பிறகு அறுப்பம்" என்று மரியான் சொல்லியிருந்தாராம். மடுவிலிருந்து சேதி இல்லை.

பார்க்க விரும்புபவர்கள் ஞாயிறு பூசை நேரத்தில் போங்கள். மற்ற வேளைகளில் கதவு பூட்டியிருக்கும். பின்னால் இடம் நெருக்கம், முன்வரிசையில் உட்காருங்கள். கூடு வழியை மறிக்கிறதே என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.