கட்டுமரத்தில் ஆணி

கல்லில் படம் வரைந்து காகிதத்தில் எடுக்கும் ராயபுரத்து அச்சுக்கூடம் ஒன்றில் நான் சக்கரம் சுற்றினேன். கடல் தொழிலை விட்டு வந்தவன் என்று என் அண்ணனுக்கு என்மேல் கோபம்.

தீப்பெட்டி லேபிளுக்காக எங்கள் ஓவியர் ஒரு கட்டுமரம் வரைந்திருந்தார். இரண்டு நாள் வேலை. மரங்களை ஆணி அடித்துச் சேர்த்த மாதிரி போட்டிருந்தார். வேலை போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. அச்சுக்கு ஏற்றும்போதுதான் மனசு கேட்கவில்லை.

"கட்டுமரத்துல ஆணி கிடையாதுங்க. கரைக்கு வந்தா அவுத்துக் காயப்போடுவோம். கயிறுதான்."

மேஸ்திரி சிரித்தார். "இன்னாடா, சக்கரம் சுத்தறவன் படம் சொல்லிக் குடுக்கறியா? நாளையிலேர்ந்து வூட்டுலயே குந்திக்க."

ஓவியர் சிரிக்கவில்லை. "நீ கட்டிக் காட்டுப்பா" என்றார்.

நாலு விறகுக் கட்டைகளைச் சணல் கயிற்றால் கட்டி மேசைமேல் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே கல்லைத் தேய்த்து அழித்துவிட்டு, முதலிலிருந்து வரைந்தார். மேஸ்திரி அப்புறம் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துக் கரையில் அண்ணன் பீடி பற்றவைத்தான். தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டு இன்னா சுத்தமா கீது பாரு. எவனோ நம்ம ஆளுதான் போட்டுகீறான்."

தீப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். படம் ஓவியருடையது. அந்த முடிச்சு என்னுடையது. எனக்கு அது போதும்.