தனியாக வந்தவர்களின் வான்

ஒருவரையொருவர் முன்பின் தெரியாத எட்டுப் பேரைக் காலையில் கப்பலிலிருந்து இறக்கி, மாலையில் திருப்பி ஏற்றுவதற்குள் சிநேகிதர்களாக்க வேண்டும். இதுதான் என் தொழில். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத கூட்டத்தில், சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், என் கஷ்டம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

உல்லாசக் கப்பல்கள் விடியும்போது கொழும்புத் துறைமுகத்துக்கு வரும். இரவு ஏழரைக்குப் புறப்பட்டுவிடும். இடையில் பயணிகளைக் கண்டிக்குக் கூட்டிவந்து காட்டுவார்கள். தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் பெரிய பஸ். அதில் தனியாக வந்தவர்களும் ஏறினால், பக்கத்துக் கதிரையில் தொப்பியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்த் திரும்பிவிடுகிறார்கள் என்று கப்பலில் குறைப்பட்டார்கள். அதனால் அவர்களுக்கென்று பஸ்ஸைவிடச் சின்னதாக ஒரு வான் வண்டி ஒழுங்கு செய்தார்கள். சரித்திரம் சொல்ல, புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகையின் வாசலில் வேறு ஆள் வருவார். பேசவைப்பது மட்டும் என் பொறுப்பு.

ஒரு சீசன் பார்ப்போம், சரிவராவிட்டால் வானை நிறுத்துவோம் என்பதுதான் ஏற்பாடு. இதற்காக நான் கண்டியில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருஷம் பார்த்த வரவேற்பு மேசை வேலையை விட்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமையே என் கதிரையில் வேறொரு பிள்ளை இருந்துவிட்டாள். வான் நின்றால் எனக்குத் திரும்பிப் போக இடமில்லை. ஆனாலும் நான் பயப்படவில்லை. பதினொரு வருஷம் அறைச் சாவி கொடுத்து வாங்கியவளுக்கு எட்டுப் பேரைப் பேசவைக்கத் தெரியாதா?

மூன்றில் ஒன்று பொய்

கப்பலிலிருந்து எனக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அதில் வானுக்குள் விளையாட ஒரு விளையாட்டு இருந்தது. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பயணத்தில், கடவத்தையைத் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். "என்னிடம் இரண்டு பூனை இருக்கிறது. எனக்கு நீந்தத் தெரியும். நான் பிறந்தது மஹய்யாவ." கண்டிக்குள்ளேயே இருக்கும் என் ஊரை, அப்படியொரு ஊரே இருக்க முடியாது என்று எட்டுப் பேரும் முடிவு செய்தார்கள். அடுத்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேய நீதிபதியின் முறை. தான் பொய் சொல்வதில்லை என்று அவர் அறிவித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்கள் சாரதி நிஸாம் நானா; நானா என்றால் அண்ணன். கம்பளைக்காரர். மாவனல்லையில் தேநீருக்கு நிறுத்தியபோது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, எங்கட கம்பளை பஸ்ல ஏறினா, பக்கத்துல ஈக்கிற மனிசன்ட சீனி வருத்தம், காணி வழக்கு, மருமகன்ட கொணம் எல்லாம் பேராதனை வாறதுக்குள்ள தெரிஞ்சிரும். ஒருத்தரும் பொய் சொல்லச் சொல்லிக் கேக்கிறல்ல."

அட்டையில் ஒரு பெயர்

மாலையில் கப்பலில் ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்போம். "இன்று உங்களுக்கு அறிமுகமானவர்களின் பெயர்களை எழுதுங்கள்" என்று அதில் ஒரேயொரு வரி இருக்கும். அட்டைகள் கொழும்பில் கப்பல் முகவரின் அலுவலகத்துக்குப் போகும். அங்கே பொறுப்பாக இருந்தவர் சிவநேசன் சேர். யாழ்ப்பாணத்தவர். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தணியும். முதல் பயணத்துக்கு மறுநாள் அவர் போனில் கோல் எடுத்தபோது குரல் நன்றாகத் தணிந்திருந்தது. எத்தனை அட்டையில் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எட்டிலயும் எழுதியிருக்கினம் பிள்ளை. எட்டிலயும் ஒரே பேர்தான். நிஸாம்."

கேட்கக் கூடாத கேள்வி

தாளில் முதலாவது விதி இது: "ஏன் தனியாக வந்தீர்கள்?" என்று எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் கண்டியில் என்னைத் தவிர எல்லோரும் கேட்டார்கள். மாளிகைக்கு முன்னால் பூ விற்கும் அம்மா சிங்களத்தில் கேட்டார். பேராதனைத் தோட்டத்தில் டிக்கட் பார்ப்பவர் ஆங்கிலத்தில் கேட்டார். நிஸாம் நானா மூன்று மொழியிலும் கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் குறுக்கே பாய்ந்து, "அங்கே பாருங்கள், எவ்வளவு அழகான மரம்!" என்பேன். மரமே இல்லாத இடங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை கமலா அன்ரி வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருப்பவர். கண்டியில் சேலை பார்க்க ஆசைப்பட்டார். துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிய அண்ணன், "அம்மா தனியாவா வந்தீங்க? கூட யாரும் வரலையா? அடப் பாவமே!" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அன்ரி, தோளில் போட்ட சேலையைக் கண்ணாடியில் பார்த்தபடி பதில் சொல்லிவிட்டார்.

"என்னத்துக்குத் தம்பி பாவம்? மனுசனுக்குச் சமைச்சு, நாலு பிள்ளையளையும் வளத்து, ஒரு நாளெண்டாலும் தனிய எங்கயாவது போகோணும் எண்டு முப்பது வருசம் காத்துக்கொண்டிருந்தனான்."

குளத்தைச் சுற்றி இருவர் இருவராக

எட்டுப் பேராகப் பேசுவது கஷ்டம், இரண்டிரண்டு பேராக விட்டால் பேசுவார்கள் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்டிக் குளத்தை ஒருதரம் சுற்றிவர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பட்டியலை முதல் நாளே வாங்கி, வயது, மொழி, பார்த்த தொழில் எல்லாம் ஒப்பிட்டுச் சோடி சேர்த்தேன். சென்னையிலிருந்து வந்த வேணுகோபால் சார், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. மலேசியாவிலிருந்து வந்த லலிதா டீச்சரும் ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை. இரண்டு பேருக்கும் கர்நாடக சங்கீதம் பிடிக்கும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? அவர்களை முன்னால் விட்டுவிட்டு, திருப்தியோடு பின்னால் நடந்தேன்.

பாதிக் குளத்தில் சார் நின்றுவிட்டார். நான் வரும்வரை காத்திருந்து, டீச்சருக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். "ஏம்மா, உண்மையைச் சொல்லுங்க. என் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது பேசினாளா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. டீச்சர் அட்டையில் பெயர் எழுதவில்லை, ஒரு பக்கக் கடிதமே எழுதியிருந்தார். சிவநேசன் சேர் அதை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எங்கட கொம்பனி கப்பல் அலுவல் மட்டும்தான் பாக்கிறது. கலியாணத் தரகு பாக்கிறேல்லை."

எட்டு மேசைகள்

சீசன் முடிய இரண்டு கப்பல்தான் மிச்சம். இந்த முறை சாப்பாட்டில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரே வட்ட மேசையில் இருந்தால் உப்புப் போத்தலைக் கேட்பதற்காவது வாயைத் திறக்க வேண்டுமே! குளத்துப் பக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்கு, "தனியாக வரும் பயணிகள் எட்டுப் பேர், மதியச் சாப்பாடு" என்று எழுதி அனுப்பினேன். வட்ட மேசை என்று எழுத மறந்துபோனேன். பிழை என்னுடையதுதான்.

உள்ளே போனால் ஜன்னலோரமாக எட்டுச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு, ஒரு கிளாஸ், ஒரு ரோஜாப்பூ. எட்டுப் பேரும் மகிழ்ச்சியோடு போய் ஆளுக்கொரு மேசையில் இருந்துவிட்டார்கள். நான் பரிமாறுகிறவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, என்ன இது என்று கேட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"தனியா வந்தவங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல மிஸ், அதான் ஒருத்தருக்கு ஒருத்தர் தொந்தரவு இல்லாத மாதிரி போட்டிருக்கோம். பாருங்க, முதுகு மட்டுந்தான் தெரியும். முகமே தெரியாது!"

கடைசிக் கப்பல்

எட்டு மேசைப் பயணத்தின் அட்டைகளைப் பார்த்த பிறகு சிவநேசன் சேர் கோல் எடுக்கவில்லை. ஒரு செய்தி மட்டும் அனுப்பினார். கப்பலில் தனிப் பயணிகளுக்குப் பொறுப்பான அதிகாரி, மோரா என்ற அயர்லாந்துப் பெண், கடைசிப் பயணத்தில் தானே வானில் வந்து பார்ப்பார். வான் தொடர்வதா நிற்பதா என்பது அவர் முடிவு.

அன்று நிஸாம் நானாவுக்குத் தம்பி மகளின் கலியாணம். லீவு கேட்டிருந்தார். பதிலுக்கு வர வேண்டிய சாரதிக்குக் காய்ச்சல். ஆகவே புது வெள்ளைச் சேர்ட்டோடு நானாவே வானை எடுத்தார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. பின் கதிரையில் மோரா, மடியில் ஒரு குறிப்புப் புத்தகம். அவருக்கு முன்னால் ஹெலன் என்ற ஓய்வுபெற்ற தாதி. ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். காதில் மாட்டிய பாட்டுக் கருவியை அவர் கொழும்பிலிருந்து கழற்றவேயில்லை. மற்ற ஏழு பேரும் ஏழு ஜன்னலைப் பார்த்தார்கள். மோரா எதையோ எழுதிக்கொண்டே வந்தார்.

பேராதனைத் தோட்டத்தில் நிற்கும்போது ஹோட்டலிலிருந்து கோல் வந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம், சாப்பாடு இரண்டரைக்குத்தான் தரலாமாம். இரண்டரைக்குச் சாப்பிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. நான் தலையில் கை வைத்தேன். நிஸாம் நானா அன்று முதல்தடவையாகச் சிரித்தார். கம்பளைக்கு இங்கிருந்து அரை மணித்தியாலம்தான் என்று சொல்லிக்கொண்டே தம்பிக்கு கோல் எடுத்தார். பயணிகளோடு, மோராவோடு, என்னோடு பத்துப் பேர் சாப்பிட வரலாமா என்று கேட்டார். தம்பியின் குரல் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"பத்துப் பேர்தானா? வான்ல இன்னம் எடம் ஈக்குமே நானா!"

ஆறு பேர்

கம்பளைக் கலியாண வீட்டில் சாப்பாடு சஹனில். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. ஆறு பேருக்கான சோறும் இறைச்சியும் அச்சாறும் அதில் ஒன்றாக இருக்கும். ஆறு பேரும் பாயில் சுற்றி இருந்து, அவரவர் தம் பக்கத்திலிருந்து கையால் சாப்பிட வேண்டும். ஆறு பேர் சேரும்வரை மூடியைத் திறப்பதில்லை. ஆண்களுக்கு வேறு மண்டபம். எங்கள் நான்கு ஆண்களையும் நிஸாம் நானா கூட்டிப்போய், இரண்டு மாமாக்களைச் சேர்த்து ஒரு சஹனில் இருத்தினார். பெண்கள் பக்கம் பயணிகள் நான்கு பேர், மோரா, நான். எண்ணிப் பார்த்தேன். சரியாக ஆறு. எனக்குப் பெரிய நிம்மதி.

நிம்மதி ஒரு நிமிஷம்தான் நீடித்தது. பக்கத்துச் சஹனிலிருந்து ஓர் அக்கா, அவர்கள் பேச்சில் ராத்தா, எழுந்து வந்தார். "எங்கட சஹன்ல ஒராள் கொறயிது" என்று சொல்லி, மோராவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார். மோராவின் குறிப்புப் புத்தகம் பாயில் கிடந்தது. இப்போது நாங்கள் ஐந்து பேர். மூடி மூடியபடியே இருந்தது. இறைச்சி வாசம் மட்டும் வந்தது.

அப்போதுதான் ஹெலன் காதிலிருந்ததைக் கழற்றினார். பாயில் எழுந்து நின்றார். வாசல் பக்கம் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். பிறகு வெறும் இடத்தைச் சுட்டிக் காட்டினார். மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். "நான்தான் முந்திக் கண்டது!" என்று ஒருத்தி மற்ற இருவரையும் தள்ளிவிட்டு வந்து இருந்தாள். மூடியைத் திறந்தோம். அவள் நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை ஹெலன் பக்கம் தள்ளினாள். ஹெலன் அதைப் பக்கத்திலிருந்த ஜெர்மன்காரப் பெண்ணின் பக்கம் தள்ளினார். அந்தத் துண்டு சஹனை ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள், ஆறு பேருக்கும் ஆறு பேரின் பெயரும் தெரிந்துவிட்டது. நான் மொழிபெயர்ப்பதைக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வட்டிலப்பம் என்ற இனிப்பும் முடிந்த பிறகு ஆண்கள் பக்கம் என்ன நிலவரம் என்று நிஸாம் நானாவை விசாரித்தேன். நான்கு பேரையும் ஆளுக்கொரு சஹனுக்குப் பிரித்துக் கூட்டிப்போனார்களாம், அங்கேயும் இரண்டாம் தரம் சாப்பிடுகிறார்களாம். மோரா கை கழுவிக்கொண்டு வந்தார். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. புத்தகத்தை நான் நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"கப்பலில் ஒருவர் தனியாக வந்தால் அறைக்கு இரண்டு பேரின் கட்டணம் கேட்கிறோம். இங்கே அந்த ஒருவருக்காகச் சண்டை பிடிக்கிறார்களே!"

சிவநேசன் சேரின் கோல்

திரும்பும்போது வானில் ஒரே சத்தம். நிஸாம் நானா ரேடியோவைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் திரும்ப அணைத்துவிட்டார். ஆறரைக்கெல்லாம் துறைமுகம். மோரா கை கொடுத்தார், முடிவு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளும் நான் போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். ஹோட்டலில் என் பழைய கதிரையில் இருந்த பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்களா என்றுகூட ஒருவரிடம் விசாரித்தேன். இல்லையாம்.

நான்காம் நாள் சிவநேசன் சேரின் கோல் வந்தது. குரல் தணியவில்லை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"வாற சீசனுக்கும் வான் ஓடும் பிள்ளை. ஆனா அவ ஒண்டு எழுதிக் கேட்டிருக்கிறா. கம்பளையில கிழமைக்கு ஒரு கலியாணம் நடக்குமோ எண்டு."

ஆகவே, என்னைப்போல் ஆட்களைப் பேசவைக்கப் பாடுபடும் வாசகர்களே, இப்போதெல்லாம் நிஸாம் நானாவின் சொந்தக்காரர்கள் கலியாணத்துக்கு நாள் குறிக்குமுன், கப்பல் எப்போது வருகிறது என்று எனக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிடுகிறார்கள்.