ஸ்டோர் ரூம் சுவரில் ஓடிய என் கல்யாணம்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கள்ளக்குறிச்சி பக்கம் கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் ஆண்டுவிழா என்று எங்கே ப்ரொஜெக்டர் வைத்தாலும் அவர்தான். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

கல்வராயன் மலையில் ஒரு ஸ்கூல் விழா. திரையில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. சேர் மேல் ஏறி நின்று கத்தினார். "ஸ்பீக்கர் பிளக்க புடுங்கிட்டு செல்லு சார்ஜ் போட்டது யாருப்பா?"

ஹெட்மாஸ்டர் மெதுவாக எழுந்து போய்த் தன் போனை எடுத்துக்கொண்டார்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான். சங்கராபுரத்தில் மண்டபம். மேடையில் கேமரா, அங்கிருந்து ஒயர் இழுத்து, பந்தியில் இருப்பவர்கள் பார்க்கச் சாப்பாட்டு ஹாலில் ப்ரொஜெக்டர்.

தாலி கட்டும் நேரம் பார்த்து ஹாலில் படம் நின்றுவிட்டது. மாமா மேடைக்கே வந்து குதித்தார்.

தாலி கட்டிய கையோடு நானும் எகிறினேன்... அத்தனை பேர் முன்னால். "இன்னாண்ணே வேல பாக்கற நீ? படம் எங்க?"

திருப்பிக் கொடுப்பார் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். "ஸ்டோர் ரூம்ல ஓடுது தம்பி. போய் பாரு" என்றார். அவ்வளவுதான்.

போனேன். காய்கறி மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் சேரில் அம்மா.

அப்பா இறந்த பிறகு எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டும்போது அம்மா முன்னால் வந்ததில்லை. பெற்ற பிள்ளை கல்யாணத்துக்கும் வரக்கூடாதாம்.

ஒயர் எடுக்கப் போன இடத்தில் அண்ணன் அம்மாவைப் பார்த்திருக்கிறார். ஹாலில் கழற்றி, ப்ரொஜெக்டரை அங்கே தூக்கிக்கொண்டு போய் மாட்டியிருக்கிறார். எதிர்ச் சுவரில் மேடை. சின்ன ஸ்பீக்கரில் மேளம்.

சுவருக்குக் கீழே தரையில் அட்சதை கிடந்தது.

காலையிலிருந்து அம்மா எங்கே என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது... அப்போதாவது அம்மா கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்திருக்கலாம். "நீ போப்பா, எல்லாம் காத்துக்கினு இருப்பாங்க" என்றார் அம்மா. போய்விட்டேன். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனிடம் ஒரு சாரி கூடச் சொல்லவில்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார். "அவரு சம்சாரம் எங்க உக்காந்துக்கினு இருக்காங்க?"

தெரியலம்மா என்றேன்.

"வண்டிய எடுடா. நான் போய் பக்கத்துல உக்கார்றேன்."

செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

கொஞ்சம் இருங்கண்ணே... வந்துட்டோம்.