இரண்டாவது வாக்கியம்

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது புளி காயவைக்கும் பாறை மேல் மட்டும்தான்.

இன்று மதியம் அங்கே ஓடினேன். ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் படிப்புக்கு மாலை ஆறு மணிக்குத் தேர்வு. பாடத்தையே இன்னும் பார்க்கவில்லை.

பாட வீடியோவில் பேராசிரியர் சிரித்தபடி ஆரம்பித்தார்: "இனி யாரும், எங்கிருந்தும் படிக்கலாம்."

அதோடு வீடியோ நின்று, திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு சரசு அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"செல்வி, டேட்டாவ ஆஃப் பண்ணும்மா. உங்க மாமா வீடியோ கால்ல வர்றாரு."

பாறையில் அதுதான் வழக்கம். கேரளாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கூப்பிட்டால், மற்றவர்கள் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். அணைத்தேன்.

"இன்னா கொழம்பு?" என்றார் மாமா, அதாவது அக்காவின் கணவர். குழம்புக் கதை முடிந்ததும், "ஆடு குட்டி போட்டுச்சே, காட்டு" என்றார். அக்கா ஆட்டைப் பிடிக்கக் கீழே போனார். போனைப் பாறையிலேயே வைத்துவிட்டார்; அழைப்பை மட்டும் துண்டிக்கவில்லை.

"அக்கா, எனக்குப் பரீட்சைக்கா!" என்று கத்தினேன்.

"அது ஃப்ரீதானே, நாளைக்குப் பாத்துக்கோ!"

ஐந்தரைக்கு மறுபடி போட்டேன். "இனி யாரும், எங்கிருந்தும்..." வட்டம்.

முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம். இரண்டாவது தெரிந்தவர்கள் ஆறு மணிக்குள் கமெண்டில் எழுதுங்கள். தயவுசெய்து வீடியோவாக அனுப்பாதீர்கள்.