ஜெபமணி நிறுத்திவைத்த வண்டி

தேனி பேருந்து நிலையத்தில் பெரியகுளம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது. புறப்பட்டுவிட்ட ஒரு வண்டியின் பின்படியிலிருந்து, எங்கள் டிப்போவில் முன்பு வேலை பார்த்த கண்டக்டர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு கத்தினார்: "அண்ணே, ஜெபமணி அக்கா போயிருச்சுண்ணே! போடிக்குக் கொண்டுபோயிட்டாக. தெரியும்ல?" தெரியாது என்று நான் தலையாட்டுவதற்குள் வண்டி திரும்பி மறைந்துவிட்டது. என்னைச் சுற்றி எத்தனையோ பேர் நின்றார்கள். ஒருவருக்கும் ஜெபமணியைத் தெரியாது. பெரியகுளம் போகாமல் போடி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஜெயமங்கலத்திலிருந்து தேனிக்கு வரும் காலை வண்டியில் பள்ளிக்கூடத்துக்கும் மில்லுக்கும் போய்வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த வண்டியின் டிரைவர். நீங்கள் என் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள். உள்ளே உங்களோடு நெரிபட்டுக்கொண்டு நின்ற கண்டக்டர் அவர்.

ஜெபமணியின் கணவர் எங்கள் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு மதிய வேளையில் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. வாரிசு வேலை ஜெபமணிக்கு வந்தது. போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். தங்கச்சி தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நிற்பதை அண்ணன்கள் விரும்பவில்லை. "கடையில வந்து உக்காரு, சோறு போடுறோம்" என்றார்களாம். இவர் பையை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

முதல் நாள் என் வண்டிக்கு வந்தபோது, "பயப்படாதம்மா" என்று சொன்னேன். "பயமெல்லாம் இல்லண்ணே, நிக்கத்தான் தெரியல" என்றார். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பதற்கு அவருக்குச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஒவ்வொரு பிரேக்கிலும் யார் மேலாவது சாய்ந்தார். சாய்ந்தவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். அப்படித்தான் வண்டியில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கமானார்கள்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கென்று அரசாங்கம் சில விதிகள் வைத்திருக்கிறது. சீருடையோ பாஸோ இருந்தால் ஏற்ற வேண்டும், பள்ளி நிறுத்தத்தில் நிற்காமல் போகக் கூடாது, படியில் ஆள் நிற்கும்போது வண்டியை எடுக்கக் கூடாது. எல்லா டிப்போவிலும் எழுதி ஒட்டியிருப்பவைதான். ஜெபமணி அவற்றோடு தன் பங்குக்கும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். பாஸைத் தொலைத்த பிள்ளையை வழியில் இறக்கிவிடக் கூடாது. தூரத்தில் ஒரு பிள்ளை ஓடிவருவது தெரிந்தால் அது வந்து சேரும்வரை வண்டி நிற்கும். இந்த இரண்டையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரே வைத்துக்கொண்டவை.

ஒருநாள் மேல்மங்கலம் தாண்டியதும் செக்கிங் அதிகாரி ஒருவர் ஏறினார். பட்டுப்பாவாடை உடுத்திய ஒரு சிறுமியிடம் பாஸ் இல்லை, சீருடையும் இல்லை. "எதை வச்சு இந்தப் பிள்ளையை ஸ்டூடண்டுன்னு ஏத்துனீங்க?" என்று அதிகாரி கேட்டார். சிறுமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெபமணி அவள் கையில் இருந்த டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மிட்டாய். "பிறந்தநாளு சார். இன்னைக்கு மட்டும் கலர் டிரெஸ்ஸு. பிறந்தநாளும் அதுவுமா எறக்கி விட்டா வருசம் பூரா அழுகும் சார்." அதிகாரி ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மெமோவும் எழுதினார். அவர் இறங்கிப் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். ஜெபமணி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி அவர் வாயிலும் ஒரு மிட்டாயை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

படியில் நிற்பதுதான் அவரால் பொறுக்க முடியாத ஒன்று. எங்களுடையது கதவில்லாத பழைய வண்டி. பையன்கள் திராட்சைக் கொத்துப் போலத் தொங்குவார்கள். "ஏலே, உள்ள வாங்கடா" என்று அவர் போடும் சத்தம் எனக்கு முன்னால் வரை கேட்கும். பெற்ற பிள்ளையைப் படியிலிருந்து விழக் கொடுத்தவர், அதனால்தான் இப்படி என்று வண்டியில் ஒரு பேச்சு இருந்தது. மில்லுக்குப் போகும் பெண் ஒருத்தி அதை அவரிடமே கேட்டுவிட்டாள். "எனக்குப் பிள்ளையே இல்லத்தா" என்றார் ஜெபமணி. "பெத்திருந்தாத்தான் பயம் வரணுமா?"

அந்தக் காலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பரீட்சை நேரம். மேல்மங்கலம் நிறுத்தத்தில் வண்டி நிரம்பி வழிந்தது. நான் கியரைப் போட்டுக் காத்திருந்தேன். விசில் வரவில்லை.

"என்ன தங்கச்சி, எடுக்கவா?"

"படியில ஆள் இருக்குண்ணே."

"உள்ள எங்கனக்கா போறது? நீங்களே பாருங்க" என்றான் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பையன். ஜெபமணி உள்ளே பார்த்தார். அவன் சொன்னது உண்மை. கால் வைக்க இடமில்லை. பிறகு, நின்றுகொண்டிருந்த ஆண்களைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணமாரே, பின்னாலயே இன்னொரு வண்டி வருது. கொஞ்சப் பேரு எறங்கி அதுல வாங்க. இதுகளுக்குப் பரீட்சை. கேட்டைச் சாத்திருவாக."

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கத்தினார்: "காசு குடுத்தவன் எறங்கணும், ஓசியில வர்றவன் உள்ள வரணுமா?"

"நீங்க லேட்டாப் போனா ஒரு பேச்சு வாங்குவீக சார். இவன் விழுந்தா?"

வாழைத்தார் வியாபாரி ஒருவர் முதலில் இறங்கினார். அவர் பின்னால் சிலர் இறங்கினார்கள். பையன்கள் உள்ளே போனார்கள். படி காலியானது. விசில் வந்தது, நான் வண்டியை எடுத்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கவில்லை. தேனி வரும்வரை போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார்.

அரசுப் பஸ்ஸில் பயணிகளை இறக்கிவிட்ட கண்டக்டர் என்று அந்தப் படம் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. விசாரணை வந்தது. நானும் போய் நடந்ததைச் சொன்னேன். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. "டிக்கெட் எடுத்தவரை எறங்கச் சொல்ல விதி இருக்காம்மா?" என்று அமைதியாகத்தான் கேட்டார்.

"இல்ல சார். படியில தொங்குனா எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. உள்ள எடமில்லைன்னா என்ன செய்யணும்னு எதுலயும் இல்ல."

"அதுக்கு இன்னொரு வண்டி விடணும். அது என் கையில இல்லம்மா" என்றார் அவர்.

ஜெபமணியைக் கம்பம் பள்ளத்தாக்கின் மறுகோடிக்கு மாற்றினார்கள். கம்பத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, லோயர் கேம்ப் போகும் வண்டியில் வேலை பார்த்தார். எனக்கு வேறு கண்டக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வண்டியில் தனியாகப் போவது போலவே எனக்கு இருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, அதே சாலையில் எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வண்டியின் படியிலிருந்து ஒரு பையன் விழுந்தான். உயிருக்கு ஆபத்தில்லை, கால் முறிந்தது. அன்று ஜெபமணிக்குப் போன் செய்தேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"பையன் பேரு என்னண்ணே?"

"கேக்கலையேம்மா."

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வந்து சொன்னேன். சரவணக்குமார். "தம்பி பையையும் சேத்துத் தூக்கிட்டு வருவான்ணே, அந்தப் பையன்" என்றார்.

அதற்குப் பிறகு போன் செய்யும்போதெல்லாம் அவருக்குப் பெயர்கள் வேண்டும். புதிதாக யார் ஏறுகிறார்கள், மூன்றாம் சீட்டில் உட்காரும் அந்தப் பிள்ளை பெயரென்ன, அவள் அக்கா காலேஜ் சேர்ந்தாளா. எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவன் நான். ஒரு பிள்ளையின் பெயரும் எனக்குத் தெரிந்ததில்லை. அவருக்குச் சொல்வதற்காகவே நிறுத்தங்களில் திரும்பிப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன். கம்பத்தில் அந்த அறையில் அவருக்குப் பேச ஆள் இல்லை என்பது எனக்குப் புரிந்திருந்தது. என் வீட்டிலும் அப்போது யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், மகள் திருப்பூரில் இருந்தாள். அதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவரும் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பிள்ளைகளின் பெயர்களைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பையன் விழுந்த பிறகு பெற்றோர்கள் கூடி மனுக் கொடுத்தார்கள். சில வருடங்கள் இழுத்தடித்த பிறகு, காலையில் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு நடை வந்தது. கதவு வைத்த புது வண்டி. ஓட்டியவன் நான்தான். விடுமுறை எடுத்துக்கொண்டு ஜெபமணி ஒருநாள் விடியற்காலையில் கம்பத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். மேல்மங்கலம் நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் ஏறினார்கள். கதவு மூடியது. நான் கையை ஆட்டி ஏறச் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அன்று மாலை போனில் கேட்டேன்: "அம்புட்டுத் தூரம் வந்துட்டு ஏன் ஏறல?"

"பிள்ளைக வண்டிண்ணே அது. நான் எதுக்கு ஒரு எடத்தை அடைக்க? பாத்தேன்ல, போதும்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஒண்ணுக்கும் என்னைய அடையாளம் தெரியலண்ணே. எல்லாம் புதுப் பிள்ளைக."

நான் ஓய்வு பெற்றேன். போன் பேச்சு குறைந்தது. அவருக்கு உடம்பு முடியாமல் போனதை எனக்குச் சொல்லவில்லை. கடைசியாகப் பேசியபோது இருமினார்; தூசி என்றார். நம்பினேன்.

போடியில் பாத்திரக்கடை திறந்திருந்தது. கல்லாவில் இருந்தவர் அண்ணன் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "நேத்தே அடக்கம் முடிஞ்சிருச்சே. நீங்க யாரு?" என்றார். கூட வேலை பார்த்தவன் என்றேன். உட்காரச் சொன்னார். வெகு நேரம் கழித்து, "பஸ்ஸுல என்னதான் செஞ்சுச்சு எங்க தங்கச்சி? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கல்லறையில பேருக்குக் கீழ என்ன எழுதன்னும் தெரியல" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எனக்கு அவரும் அவருக்கு நானும் முன்பின் தெரியாதவர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. புது மண், ஒரு மரச் சிலுவை, வாடிய ரோஜா மாலை. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. தெரிந்திருந்தாலும் எந்தப் பிள்ளை வந்திருக்க முடியும்? மண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நினைவிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதிக்கு மேல் மறந்துவிட்டிருந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். இப்போது நானும் பயணிதான். பக்கத்தில் எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் பெயர் கேட்டுவிடுகிறேன். பள்ளி திறந்த பிறகு, போன வாரம், பெரியகுளம் வண்டியில் ஒரு சிறுமி உட்கார்ந்தாள். மகிழினி என்றாள், ஆறாம் வகுப்பு, இந்த வருடம்தான் பஸ்ஸில் தனியாகப் போக ஆரம்பித்திருக்கிறாளாம். இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பழக்க தோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.