சிவப்பாகப் போய்க் கறுப்பாக வந்த ஒயர்

பஸ் டெப்போ வெல்டருக்குக் ‘கலர்’ என்று பெயர் வைத்தவர்கள் அவரோடு பள்ளியில் படித்தவர்கள். டிராயிங் வகுப்பில் இலைகளைப் பழுப்பாகவும் அடிமரத்தைப் பச்சையாகவும் தீட்டிவிட்டு, நல்ல மார்க் வரும் என்று காத்திருந்தவர் அவர். பச்சை, சிவப்பு, பழுப்பு மூன்றும் அவர் கண்ணுக்கு ஒரே குடும்பம். வெளிச்சம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது. டெப்போ மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பயிற்சிக்குச் சேரப்போன இடத்தில் புள்ளி புள்ளியாக ஓர் அட்டையைக் காட்டி, “இதுல என்ன நம்பர் தெரியுது?” என்றார்கள். “நம்பர் எங்க சார் இருக்கு?” என்று இவர் திருப்பிக் கேட்டார். அத்தோடு சரி. பக்கத்து அறையில் வெல்டிங்குக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் வரிசையில் நின்றுவிட்டார். வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கல்யாணம் ஆன பிறகு, மனைவி பச்சைச் சட்டை கேட்டதற்குப் பழுப்புச் சட்டையை எடுத்து நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மனைவி தையல் சாமான் கடையில் வேலை செய்தாள். யாராவது துணித்துண்டோடு வந்து நின்றால், பெட்டியைப் பார்க்காமலே அதற்குப் பொருந்தும் நூலை எடுத்துப் போடுவாள். “எனக்கு ரெண்டு பேர் கண்ணு. உங்க பங்கும் சேர்ந்து எங்கிட்ட வந்துடுச்சு” என்பாள்.

ஒரு பழைய கிடங்கை இடித்தபோது மூலையில் கிடந்த கார் அது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையைத் தொடுகிற உயரம். ஒரு காலத்தில் பந்தயத்துக்கு ஓடியது என்றார்கள். கலர் அதை வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்து, அரித்துப்போன தரைத்தகட்டையும் கதவடிகளையும் விடுமுறை நாட்களில் வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். இன்ஜினும் ஓடத் தொடங்கியது. முதன்முதலாக வெளியே எடுத்த ஞாயிற்றுக்கிழமை, முச்சந்தி திரும்புவதற்குள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. கிழட்டு ஒயர்களின் உறை விரிசல் விட்டு, ஒன்றோடொன்று உரசி, கட்டு முழுக்கக் கருகிவிட்டது. இருவரும் காரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார்கள்.

மனைவியின் அண்ணன் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சொந்தக் கடை, கூட்டம் எப்போதும். வந்து பார்த்துவிட்டு, “ஒட்டுப்போட்டுச் சரிக்கட்ட முடியாது மாப்ள. புது ஒயரிங் செட்டே வாங்கிடு. நான் வந்து மாட்டித் தர்றேன்” என்றார். செட் வந்தது. மச்சான் வரவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று மழைக்காலமே போய்விட்டது. டெப்போவில் ஆள் ஆளுக்கு, “கலரு, காரை எப்ப தள்ளப்போற?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு காலையில் மனைவி காபி டம்ளரோடு ஷெட்டுக்குள் வந்தபோது, இருக்கைகள் இரண்டும் வெளியே கிடந்தன. கலர் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“நானே மாட்டப்போறேன்.”

“ஒயரா? நீங்களா?”

“நீ கலரைச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவள் டம்ளரை பானட் மேல் வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. பழைய கட்டின் நுனியில் நூல்கயிற்றைக் கட்டி, இன்ஜின் பக்கச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக மெதுவாக உருவினார்கள். அதே கயிற்றில் புதுக் கட்டைக் கட்டி, அவர் அந்தப் பக்கம் இழுக்க, இவள் இந்தப் பக்கம் ஊட்டிவிட்டாள். துணி சுற்றிய புதுக் கட்டு பாம்பு புற்றுக்குள் போவதுபோல உள்ளே போனது. பிறகு நுனிகள். “பச்சையில வெள்ளைக் கோடு”, “பழுப்பு, கோடு இல்ல”, “இது ஊதா, ஹாரனுக்கு” என்று படத்தைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, அவர் காகிதத்தில் எண் எழுதி ஒவ்வொரு நுனியிலும் ஒட்டினார். எண் ஒட்டியபின் அவருக்கு நிறம் தேவைப்படவில்லை.

நடுவில் சண்டையும் வந்தது. “சிவப்புனு சொன்னேனே, காதுலயும் கலர் தெரியாதா?” என்று அவள் கேட்க, கலர் எண் ஒட்டிய காகிதங்களைப் போட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அவளே போய், “சரி வாங்க, பின்பக்கம் பாக்கி இருக்கு” என்று கூப்பிட்டாள்.

எல்லாம் மாட்டி முடிந்தது. பாட்டரியை நேராக இணைக்காமல், நடுவில் ஒரு சோதனை பல்பை வைத்து இணைத்தார். காரின் விளக்குகளையெல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். ஆகவே சுவிட்சைப் போட்டாலும் சோதனை பல்பு எரியக்கூடாது. எரிந்தால் கரண்ட் எங்கோ தப்பான வழியில் ஓடுகிறது என்று அர்த்தம். எரியவில்லை. மனைவி விளக்கு சுவிட்சைத் தட்டினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

மச்சானுக்குப் போன் போனது. தங்கை குரலைக் கேட்டதும் கடையை மூடிவிட்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தோடு ஒவ்வொரு நுனியையும் ஒப்பிட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

“எல்லாம் கரெக்டா இருக்கே மாப்ள. நிறத்துக்கு நிறம் சரியா மாட்டியிருக்கே. சுவிட்சுதான் போயிருக்கும்.”

“சுவிட்சை நேத்தே தனியா டெஸ்ட் பண்ணிட்டேன் மச்சான்.”

“அப்ப ஒயர் எங்கயாவது நசுங்கியிருக்கும். திரும்ப எல்லாத்தையும் உருவணும்.”

கலர் மீட்டரை எடுத்தார். இரண்டு முனையும் ஒரே ஒயராக இருந்தால் ‘பீப்’ என்று கத்தும் மீட்டர். பின்விளக்கு ஒயரை முன்னால் கழற்றி, மீட்டரின் ஒரு கூர்முனையை அதில் வைத்துப் பிடிக்க மனைவியிடம் சொல்லிவிட்டு, மறு முனையோடு டிக்கிக்குப் போய் அதே எண் ஒட்டிய நுனியைத் தொட்டார். சத்தம் இல்லை. அடுத்ததைத் தொட்டார். இல்லை. பாடியில் முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றித் தொட்டதும் மீட்டர் கத்தியது.

“இது என்ன கலரு மச்சான்?”

“கறுப்பு” என்றார் மச்சான்.

“நீ என்ன கலரைப் பிடிச்சிருக்கே?”

“சிவப்பு” என்றாள் மனைவி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலர் பின்பக்கக் கிளையின் துணிச்சுற்றைப் பிளேடால் கீறிப் பிரித்தார். உள்ளே, கட்டைச் செய்த இடத்திலேயே, இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். சிவப்பாக உள்ளே போனது கறுப்பாக வெளியே வந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் கரண்ட் விளக்குக்குப் போகாமல் நேராகக் காரின் பாடிக்கே போயிருக்கிறது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கண்ணு இருக்கறவன் பத்து தடவ பாத்தாலும் இது கிடைக்காது மாப்ள. நான் கலரையே நம்பிட்டு இருந்தேன்.”

“எனக்குத்தான் அதை நம்ப வழியே இல்லையே” என்றார் கலர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அட்டையைக் காட்டி அனுப்பிய அந்தப் பழைய நாளைப் பற்றி அவர் சிரித்து மனைவி பார்த்ததில்லை. அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மச்சானே உட்கார்ந்து அந்த இணைப்பைப் பிரித்துச் சரியாகப் பற்றவைத்தார். மறுபடி சோதனை பல்பு. சுவிட்ச். இருட்டாகவே இருந்தது. பல்பு எரியாததற்கு மூன்று பேர் கைதட்டியது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு விளக்குகளை மாட்டி, பாட்டரியை நேராக இணைத்தார்கள். முன்விளக்குகள் எரிந்தன. பின்விளக்குகள் எரிந்தன. ஹாரன் ஓர் அதட்டு அதட்டியதில் எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்துவிட்டார். சாவியைத் திருப்பினார் கலர். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுக் கர்ஜித்தது.

இருக்கை இரண்டுதானே. “நான் ஒரு ரவுண்டு வர்றேனே” என்றார் மச்சான்.

“மழைக்காலமே முடிஞ்சு வந்தவங்களுக்கு எடம் கிடையாது அண்ணா” என்று தங்கை ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மச்சான் முச்சந்தி வரை பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்து, “பிரேக் லைட் எரியுது, போ, போ” என்று கத்தினார். டெப்போ வாசலில் ஷிப்ட் மாறும் நேரம். கலர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். டிரைவர்களும் கண்டக்டர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

புறவழிச்சாலையில் ஏறியதும் தூறல் விழுந்தது. துணிக்கூரை இன்னும் தைக்கவில்லை. மனைவி வைப்பர் சுவிட்சைத் தட்டினாள். அது சர்ரென்று கண்ணாடியைத் துடைக்க, இருவர் தலையும் நனைந்துகொண்டிருந்தது.

“திரும்பிடலாமா?” என்று கேட்டார்.

“நல்லாத்தானே ஓடுது. இன்னும் கொஞ்ச தூரம் போங்க” என்றாள்.